இறங்க மறுத்த கூரை

டில்லன், மொன்டானா
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள கெண்ட்ரா கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. அந்தத் தென்கோடித் தீவில் நீயும் மாப்பிள்ளை நீலும் சுகமாக இருப்பீர்கள், உன் வறட்டு இருமலும் விட்டுப் போயிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அதை எழுதவில்லை, பதறாமல் முழுவதையும் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லப் போனால் மேசைக்கு அடியில் காலால் ஒரு உதை விடுகிறாள், கால் உதைக்கிற அளவுக்கு இருக்கிறதே என்று நானும் வாங்கிக்கொள்கிறேன். அதனால் வாசலில் பிக்கப் வண்டியின் முதுகில் குட்டி வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும் நம் கேம்பருக்குள் வந்து அந்தச் சின்ன மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வலை கிழிந்திருக்கிறது, தைக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன், வலை நிஜமாகவே கிழிந்துதான் இருக்கிறது.

போனில் சுற்றுகிற அந்தப் படத்தை நீ இதற்குள் பார்த்திருப்பாய், இங்கே உன்னோடு படித்த சிநேகிதிகளில் ஒருத்தியாவது அனுப்பாமல் இருந்திருக்க மாட்டாள். மார்லிஸ் பண்ணையின் வாசலில் நம் பிக்கப் நிற்கிறது, அதன் முதுகில் கேம்பர், கேம்பரின் கூரை ஆகாயத்தைப் பார்த்து எழும்பி நிற்கிறது, கதவு வழியே பண்ணைக்காரி மார்லிஸின் பின்பக்கமும் இரண்டு பூட்ஸும் மட்டும் தெரிகின்றன, நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணாந்தை மாதிரி நிற்கிறேன். மெர்ல் பாய்மரக் கப்பல் வாங்கிவிட்டார், கடல் எப்போது வரும் என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள். பெட்ரோல் போடப் போனால், என்ன கேப்டன், இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குது என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, நானும் சிரித்து வைத்தேன். ஆனால் முன் சீட்டில் உன் அம்மா இருந்தாள், கண்ணாடியில் வெயில் பட்டு அவள் படத்தில் விழவில்லை. அவளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும், அதைச் சொல்வதற்குக் கூரையிலிருந்து ஆரம்பிக்காமல் எனக்கு வழி தெரியவில்லை.

நம் வீட்டில் கேம்பர் கூரை தூக்குவது எப்போதும் உன் அம்மா வெர்னாவின் வேலை என்பது உனக்கே தெரியும். பிரயாணத்தில் பெட்டி மூடி மாதிரி கீழே படிந்திருக்கும், போய்ச் சேர்ந்ததும் வெளியே கொக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டு அவள் குனிந்து உள்ளே போவாள், முன்பக்க மடிப்புப் பலகைக்கு அடியில் தோளையும் முதுகையும் கொடுத்து ஹம் என்று ஒரே ஒரு முக்கல், கூரை ஏறிக் கான்வாஸ் துணி விறைத்து நிற்கும், பிறகு பின்பக்கம், அங்கே இன்னொரு முக்கல், முடிந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் அண்டாக்களைத் தூக்கி வளர்ந்த தோள் அது. நான் ஆயுள் முழுக்கக் கத்தரியும் சீப்பும் பிடித்தவன், அவள் தோள் உயரம்கூட இல்லை, நான் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போடுவேன். என்ன மெர்ல், பொண்டாட்டிய மூட்டை தூக்க விட்டுட்டு நீ காபி ஆத்துறியா என்று பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் கேலி செய்தால் அவளே பதில் சொல்லிவிடுவாள், அவன் தூக்கினா கூரை விழும், நான் காபி போட்டா குடிக்கிற நீங்க விழுவீங்க, எது பரவாயில்லைன்னு சொல்லுங்க என்பாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை, அப்படியே அமைந்துவிட்டது.

வசந்தத்தில் டாக்டர் அந்த நரம்பு வியாதியின் பெயரைச் சொன்னதும் உனக்குச் சொன்னோம், தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும், கையிலிருந்து ஆரம்பிக்கும் என்பதும் உனக்குத் தெரியும். கை கொஞ்சம் மந்தமா இருக்கு, அவ்வளவுதான், நீ உன் வேலையைப் பாரு என்று அவள் போனில் சொன்னதை நீயும் நம்பினாய், நானும் பக்கத்தில் உட்கார்ந்து நம்பினேன். ஜூன் மாதம் ஏரிக்குப் போனோம். அவள் வழக்கம்போலக் கூரை தூக்க உள்ளே போனாள், நான் வெளியே அடுப்பை இறக்கிக்கொண்டிருந்தேன், முக்கல் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தால் பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருக்கிறாள், கூரை ஒரு சாண் எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிட்டது. எங்கயோ கொக்கி மாட்டிக்கிட்டிருக்கு, போய்ப் பாரு என்றாள். சுற்றி வந்து பார்த்தேன், எல்லாக் கொக்கியும் திறந்துதான் கிடந்தன. ஆமாம், ஒண்ணு மாட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு என்று பொய் சொல்லி ஒரு கொக்கியைச் சத்தமாக ஆட்டினேன். பிறகு இருவரும் சேர்ந்து தள்ளி எப்படியோ ஏற்றினோம். திரும்பி வரும்போது, இதை வித்துடலாம் மெர்ல் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். செப்டம்பரில் எல்க் மான்கள் கூவும் காலத்தில் மார்லிஸ் பண்ணைக்கு அப்பால் இருக்கும் அந்தப் புல்வெளிக்குப் போகாத வருஷம் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கிடையாது, அதையும் சேர்த்துத்தான் விற்கச் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. கூரை ஒன்று லேசாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக லேசாகிவிடும் என்று நினைத்தேன் கெண்ட்ரா, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், இந்த வயதில் இவ்வளவு முட்டாள்தனம்.

பக்கத்து வீட்டு டுவெய்னிடம் சொன்னேன். அவனுக்கு வாய் ஓயாது, கையும் ஓயாது. கார் டிக்கியைத் திறந்தால் விழாமல் தாங்கிக்கொண்டு நிற்குமே கேஸ் கம்பி, அதே மாதிரி பெரிதாக நான்கு வாங்கிக் கூரைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மாட்டிவிட்டால் தூக்குகிற பாரத்தைக் கம்பியே எடுத்துக்கொள்ளும், பழைய கேம்பர் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இப்போது அதைத்தான் செய்கிறார்கள் என்றான். எவ்வளவு பலமான கம்பி என்பதற்குக் கூரையின் எடை தெரிய வேண்டும். எங்கள் குளியலறை எடை மெஷினை ஜாக்கி மேல் வைத்து ஒவ்வொரு மூலையாக முட்டுக்கொடுத்துத் தூக்கி நான் எண்ணைப் படிக்க அவன் கூட்டிக்கொண்டான். வெர்னாவுக்கு ஒத்தை விரல் போதுங்கற மாதிரி கொஞ்சம் தாராளமாவே போடுவோம் என்றான். பழைய அலுமினியச் சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தோம், உன் அம்மா வெளியே வந்து, ரெண்டு பேரும் சேர்ந்து என் கூரையைச் சல்லடையாக்காம விட மாட்டீங்க போல என்று திட்டிவிட்டுப் போனாள். மாட்டி முடித்துச் சோதித்தபோது பார்க்க வேண்டுமே, கூரை பதவிசாக ஏறியது, உள்ளே தொங்கும் பட்டையைப் பிடித்து இழுத்தால் பலகை மடிந்து பதவிசாக இறங்கியது. அவளைக் கூப்பிட்டேன், ஒரே விரலால் ஏற்றினாள், சிரித்தாள், பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். சாப்பிடும்போது, என்னம்மா என்று கேட்டதற்கு, இத்தனை வருஷமா நான் தூக்கினது இவ்வளவுதானான்னு இருக்கு என்றாள். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்தபோது கோடை முழுக்கக் கூரை மேலேயே கட்டிக் கிடக்கும் நம் அலுமினியப் படகு அதே இடத்தில்தான் கிடந்தது. எடை போட்டதும் படகோடு, சோதித்ததும் படகோடு. செப்டம்பரில் கிளம்புகிற அன்று அவள் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதை இறக்கிடு மெர்ல், என்னால ஏற முடியாது, நீ தனியா தண்ணில போனா எனக்குக் கரையில உட்கார்ந்து பயந்துகிட்டிருக்க முடியாது என்றாள். நானும் டுவெய்னும் படகை இறக்கி ஷெட்டுக்குத் தூக்கிப் போனோம், வழியெல்லாம் கால்பந்தாட்டம் பேசினோம். கூரையின் பாரத்தைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு போகிறோம் என்று இரண்டு மடையர்களில் ஒருத்தனுக்காவது உறைக்க வேண்டாமா? புல்வெளிக்குப் போய்க் கொக்கியை எடுத்ததும் கூரை விருட்டென்று தானாகவே மேலே போய் நின்றது, உன் அம்மா ஆ என்று கத்தினாள், பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தட்டிப் பார்த்தாள், சத்தம் வரவில்லை, ஆனாலும் தட்டினாள். மேல் படுக்கைக்கு ஏற முடியாது என்பதால் கீழே சீட்டிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தேன். பொழுது சாயும்போது கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்வாள், கடா மான்கள் மாறி மாறிக் கூவும், நான் ஏதாவது பேச வாயெடுத்தால், வாயை மூடு, அது உன்னைவிட நல்லாப் பேசுது என்பாள். நன்றாகத்தான் இருந்தது, அதை எழுதாமல் விட்டால் அவளுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன்.

கடைசி நாள் மதியத்துக்குச் சற்று முன்னால் தோசைக்கல்லில் பான்கேக் சுட்டேன். சின்னச் சின்னதாக வெட்டித்தான் கொடுத்தேன் கெண்ட்ரா, சிரப்பில் நன்றாக ஊறவைத்துத்தான் கொடுத்தேன். ஒரு வாய் தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் குத்தினேன், பின்னால் நின்று வயிற்றைப் பிடித்து இறுக்கினேன், என் கைக்கு அவள் உடம்பு முழுதாக எட்டவில்லை, உதடு நீலமாகிவிட்டது. எப்படியோ வெளியே வந்தது, ஆனால் மூச்சு மட்டும் பழைய மாதிரி திரும்பவில்லை, ஒவ்வொரு மூச்சையும் மாடிப்படி ஏறுகிற மாதிரி எடுத்தாள். வீட்டுக்குப் போலாம் என்றாள். அந்த இடத்திலிருந்து கிளம்ப என்னை முந்திக்கொண்டு அவள் அப்படிச் சொன்னதே இல்லை. போனில் சிக்னல் கிடையாது, பக்கத்துக் கூடாரத்து வில் வேட்டைக்காரர்கள் காலையிலேயே மலை ஏறிவிட்டார்கள். சரி, கூரையை இறக்கிவிட்டுக் கிளம்புவோம் என்று பட்டையைப் பிடித்து இழுத்தேன். பலகை கொஞ்சம் வளைந்துகொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்தது. படகு இல்லாத கூரைக்குக் கம்பி பலம் அதிகம், வெயில் ஏற ஏற உள்ளே கேஸ் சூடாகி அது இன்னும் முறுக்கேறும் என்று டுவெய்ன் பிறகு சொன்னான், அப்போது எனக்கு என்ன தெரியும்? கம்பியைக் கழற்றலாம் என்றால் ஒருவர் கூரையைத் தாங்க வேண்டும், இன்னொருவர் கழற்ற வேண்டும். பட்டையில் தொங்கினேன், கால் இரண்டும் தரையில் இல்லை, நான் தொங்குவதைக் கூரை கண்டுகொள்ளவே இல்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன், தேவாலயத்தில் பாடுகிற வாய் அது.

அப்போது அவள் எழுந்து வந்தாள். என் கைக்குப் பக்கத்தில் பட்டைக்குள் தன் கையை நுழைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. அதைப் பார்த்தாள், மற்றக் கையால் ஒவ்வொரு விரலாக எடுத்துப் பட்டை மேல் மடித்து வைத்தாள், வைத்த விரல் திரும்ப விரிந்தது, மறுபடி வைத்தாள். பிறகு, நாம ரெண்டு பேரு சேர்ந்தும் பத்தல மெர்ல் என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். காலையில் ஸ்வெட்டர் பொத்தான் போட்டுவிடுகிறேன், கறியை வெட்டிக் கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன், ஒவ்வொன்றையும் இன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று அந்தப் பட்டைக்குக் கீழே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கூரை எழும்பி நின்றபடியே வண்டியை எடுத்தேன், வேறு என்ன செய்ய. அவளை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினேன். கான்வாஸ் காற்றில் உப்பி அடித்துக்கொண்டது, பைன் கிளைகள் அதைக் கிழித்தன, பின்னால் தட்டுகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது, நடக்கிற வேகத்துக்கு மேல் போக முடியவில்லை, அவள் என் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். பாதை மார்லிஸ் பண்ணை வழியாகத்தான் வெளியே வரும், அந்த வாசலுக்குக் குறுக்கே தலைக்கு மேல் ஒரு பெரிய மரக்கட்டை போட்டிருப்பார்களே, அதை நான் மறந்தே போயிருந்தேன். இறங்கிப் பார்த்தேன், எங்கள் கூரை கட்டையைவிட ஒரு முழம் உயரத்தில் நிற்கிறது. வேறு வழி கிடையாது. அங்கே நின்றபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை கெண்ட்ரா, ஒரு யோசனையும் வரவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று கை காலாவது பரபரத்திருக்கலாம், என்னால் அவளைத் தூக்க முடியாது என்று அவற்றுக்கும் தெரியும். திரும்ப வந்து ஹாரனை அமுக்கினேன், விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்லிஸ் தன் நாலு சக்கர மோட்டார் வண்டியில் மருமகளோடு வந்தாள். முதலில் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை, எந்தப் பட்டைன்னு காட்டு என்றாள். அவள் உடம்பு உனக்குத் தெரியும், கேம்பருக்குள் ஏறியதும் வண்டியே ஒருமுறை சாய்ந்தது. பட்டையைப் பிடித்து முழு உடம்பையும் தொங்கவிட்டு, நான் இத்தனை வருஷம் தின்ன வெண்ணெய்க்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு, நீயும் பிடிச்சு இழுடா மெர்ல் என்று கத்தினாள். முன் சீட்டில் வெர்னாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த நேரத்தில்தான் மருமகள் படம் எடுத்தாள், நிலைமை அவளுக்குத் தெரியாது, பிறகு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள், அவளை நீ ஒன்றும் சொல்லாதே. கூரை இறங்கியதும் மார்லிஸ் உன் அம்மாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள், நான் காலியான பக்கத்துச் சீட்டோடு பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன்.

விழுங்குகிற தசையும் மூச்சுத் தசையும் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் சோர்கின்றன என்று டாக்டர் சொன்னார். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு மெஷின் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அவள் பன்றி மூக்கு என்று பெயர் வைத்திருக்கிறாள். வயிற்றில் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுப்பதைப் பற்றிக் கேட்டார், இப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்னும் எவ்வளவு காலம் என்று நான் கேட்டால் அவர் சொல்லியிருப்பார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நான் கேட்கவில்லை. போன வாரம் போனில், அம்மாவுக்கு என்மேல கோபமா, ரெண்டு வார்த்தையோட நிறுத்திடுறாங்களே என்று கேட்டாயே, கோபம் இல்லை கண்ணு. மூன்றாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை, அது உன் காதில் விழக்கூடாது என்றுதான் நிறுத்திக்கொள்கிறாள்.

டுவெய்னிடம் விஷயத்தைச் சொன்னதும், படகு, அந்த எழவெடுத்த படகு என்று தொப்பியைக் கழற்றித் தலையில் அடித்துக்கொண்டான். பலம் குறைந்த கம்பிகளை வரவழைத்து அவனே மாட்டினான். இப்போது கூரை வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்குகிறது. தினமும் ஒருமுறை வந்து ஏற்றுகிறேன், இறக்குகிறேன், எங்கும் போவதற்கில்லை. ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், உள்ளே போனால், தெருவே சிரிக்குது, உனக்கு வேற வேலை இல்லையா என்பாள். இருக்கிற வேலை எதையும் எனக்குச் செய்யத் தெரியவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வேன். தலை அலசி முடி வெட்டிவிடுவது மட்டும் என் கைக்குத் தெரிகிறது, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பாள். முந்தாநாள் குளியல் தொட்டியிலிருந்து அவளை எழுப்பப் போய் முடியாமல் நானும் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன், தண்ணீர் ஆறிக் குளிர ஆரம்பிக்கும் வரை நான் போட்டிருந்த துணியோடு நனைந்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். இதுக்கும் மார்லிஸைக் கூப்பிடப் போறியா என்று கேட்டாள். கூப்பிடத்தான் வேண்டியிருந்தது.

உனக்குக் கடிதம் எழுதும்போது இன்னின்னதை எழுது என்று அவள் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள், அதையும் எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாமாம், அவ்வளவு தூரம் அலைந்தால் உன் உடம்பு கெடுமாம், தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார்களாம், அப்பாவும் நானும் சமாளித்துக்கொள்கிறோம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது. வா. கிறிஸ்துமஸ் வரை வைத்துக்கொள்ளாதே, அதற்கு முன்னால் வா. நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை, கேட்காமல் இருப்பதைப் பெருமை என்றுகூட நினைத்திருந்தேன். அதுவரை போன் பண்ணும்போது கை எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்காதே, எதையுமே கேட்காதே, நீயே பேசிக்கொண்டு இரு, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நீல் கருக்கிய ரொட்டி, அடுத்த வீட்டு ஆடு எதுவானாலும் சொல், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் இப்படி எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கிளம்பி வந்ததாக இருக்கட்டும், அவள் சந்தேகப்பட்டு என்னை உதைத்தால் உதைத்துக்கொள்ளட்டும். இங்கே இப்போதே மலையில் பனி விழுந்துவிட்டது, தடித்த கோட்டு எடுத்துக்கொள். நீலுக்கு என் அன்பு. கடவுள் உங்கள் இரண்டு பேருக்கும் துணையாக இருந்து நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. டிக்கெட் எடுக்கும்போது திரும்பிப் போகும் தேதி கேட்பார்கள், இன்னும் தெரியாது என்று சொல்.

உன் அப்பா,
மெர்ல்